மஞ்சள் நாக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை அதுவே மனதில் உட்கார்ந்திருக்கும். ரேடியோ மாமாவின் நாக்கு மஞ்சளாக இருக்கிறது.

நேற்று வழக்கம்போல் அப்பாவைப் பார்க்க வந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். "வாயாடி வந்துட்டா, இனிமே நாம எங்க பேசறது" என்று, வாயே திறக்காத என்னைக் கேலி செய்துவிட்டு வாய் நிறையச் சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். துணிக்குப் போடும் சாயம் மாதிரி அழுத்தமான மஞ்சள். நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ரேடியோ தானாக நின்று நான் பார்த்ததே இல்லை.

போன தடவை நீ வந்தபோது உன் நகமெல்லாம் இதே நிறத்தில்தான் இருந்தது. உங்கள் ஆலையில் மரப்பட்டையிலிருந்து எடுக்கிற பொடி பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது என்றாய். அந்தப் பொடிதான் அப்பாவின் கேப்ஸ்யூலுக்குள் இருக்கிறது. அப்பா அதைக் கூட்டோடு விழுங்குவதால் அவர் நாக்கில் ஒன்றுமில்லை. மாமாவுக்கும் அப்பாவுக்கு இருக்கிற அதே நுரையீரல் புற்றுநோய்தான் என்றாலும், இதய ஆபரேஷன் செய்துகொண்டவர் என்று மருந்து ஆய்வில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் நாக்குக்கு அது எப்படி வந்தது?

அவரைத் தப்பாக நினைக்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கும் ஜன்னலில் எனக்குப் பதிலாகப் பேசுகிறவரே அவர்தான். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால் நம் வீடு ஒரே அறை, அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். எழுதினால்தான் எனக்கு வார்த்தை வருகிறது.

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உடனே பதில் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 17

என் சின்னக்குட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்குகிறேன். மூன்றும் நேரத்துக்கு நடக்கிறது.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தேகம்தான் உனக்கும் வந்திருக்கும், நீ எழுதத் தயங்கியிருக்கிறாய். நான் எழுதிவிடுகிறேன். ரேடியோ மாமா அப்பாவின் மருந்தை எடுக்கிறார். உயிர் மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை? அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் நம் அப்பா நமக்கு முக்கியம்.

ஒன்றைத் தெரிந்துகொள். இந்த ஆய்வில் பாதிப் பேருக்குத்தான் நிஜமான பட்டைச் சத்து. மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று அந்த மாவுக்கும் மஞ்சள் சாயம் போடுகிறார்கள். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. அந்தச் சத்து புற்றுநோய்க்குக் கேட்கிறதா இல்லையா என்பதும் இன்னும் யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஊசி மருந்தோடு சேர்த்து இதையும் கொடுக்கிறார்கள். அப்பாவுக்குக் கிடைப்பது நிஜமாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டாத நாள் இல்லை.

கேப்ஸ்யூல் குப்பியை உன் கைக்குள் வைத்துக்கொள். ஆஸ்பத்திரியில் மூச்சு விடாதே. கேப்ஸ்யூல் வெளியாள் கைக்குப் போனது தெரிந்தால் அப்பாவின் பேரை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள்.

அப்பாவின் கால் வீக்கம் வற்றியதா என்று எழுது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

குப்பியை என் நூல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். தையல்கடை அண்ணன் பட்டன் தைக்கச் சட்டைகள் அனுப்புகிறார் அல்லவா, நாள் முழுக்க அந்தப் பெட்டி என் மடியிலேயேதான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மாமா வந்த சிறிது நேரத்தில் அப்பா என்னைக் கடைக்கு அனுப்புகிறார். பால் இருக்கும்போது பால் வாங்கி வரச் சொல்கிறார். ரொட்டி இருக்கும்போது ரொட்டி. திரும்பி வந்தால் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருக்கும். "தூசி வருதும்மா" என்கிறார். நம் தெருவில் தூசி இன்றைக்குத்தான் வந்ததா?

நான் மாமாவைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அவர் சட்டைப் பையைத் தட்டினால்கூட எனக்குத் திக்கென்கிறது. முன்பெல்லாம் அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் டீக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போது பெட்டியைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று அவர், "என்ன வாயாடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, நூலு சிக்கிடுச்சா?" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எக்ஸ்ரேயில் கட்டி வளரவில்லையாம். டாக்டர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இப்போது தெருவின் கடைசி வீடுவரை நிற்காமல் நடக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பதில் வரும்வரை காத்திருக்க முடியவில்லை.

இன்று கடைக்குக் கிளம்பிப் பையை மறந்துவிட்டுத் திரும்பினேன். மறந்தது நிஜமாகத்தான். ஆனால் கதவைத் தட்டாமல் ஜன்னலுக்குப் போனது அப்படி இல்லை.

அப்பா கட்டிலில் செய்தித்தாளை விரித்திருந்தார். என் நூல் பெட்டி திறந்திருந்தது. அப்பாவே ஒரு கேப்ஸ்யூலை இரண்டாகக் கழற்றிப் பொடியைத் தாளில் கொட்டினார். பட்டறையில் கொடுத்த பழைய அடையாள அட்டையின் ஓரத்தால் அதைச் சரிபாதியாகப் பிரித்தார். மாமா குனிந்து, "அண்ணே, என் பக்கம் கூடுதலா இருக்கு. உங்க பக்கம் தள்ளுங்க" என்றார். "நாக்கை நீட்டுடா. இருமித் தொலைச்சிடாத, அப்புறம் ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார் அப்பா. மாமா குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார். அப்பா ஒரு பாதியை அதில் தட்டிவிட்டார். மறு பாதியைக் கூட்டுக்குள் அடைத்துத் தான் விழுங்கினார்.

மாமா கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துவிட்டார்.

"பாத்துட்டியா? பரவால்ல அண்ணே, இவகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரி. வெளிய வராது."

அப்பா என்னைப் பார்க்காமல் தாளை மடித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வேண்டாத ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் திருடவில்லை, அக்கா. இத்தனை நாள் நான் அவரை அப்படிப் பார்த்தேன். ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இதை எதற்கு என்னிடம் மறைத்தார்கள்?

உன் தங்கை


ஏப்ரல் 4

சின்னக்குட்டி,

எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. உன் இரண்டு கடிதத்தையும் போர்வைக்குள் வைத்துப் படித்தேன்.

கட்டி வளரவில்லை என்று எழுதியிருந்த இடத்தில் தாள் கசங்கிவிட்டது, அவ்வளவு தடவை தொட்டேன். அதற்கப்புறம் அடுத்த கடிதத்தைப் படித்து, இருந்த காய்ச்சல் ஏறியது. பாதி மருந்திலேயே வளரவில்லை என்றால் முழுதும் சாப்பிட்டிருந்தால்? இந்த ஆய்வில் அப்பாவைச் சேர்க்க நான் யார் யார் காலில் விழுந்தேன் என்று அவருக்குத் தெரியுமா? ஊருக்கு உபகாரம் செய்ய வேறு நேரமே கிடைக்கவில்லையா?

அப்பாவிடம் நீதான் பேச வேண்டும். நான் போனில் கத்தினால் அவர் வைத்துவிடுவார். நீ அமைதியாகச் சொன்னால் கேட்பார். பேசமாட்டேன் என்று மட்டும் சொல்லாதே.

இருமலில் சளி எப்படி வருகிறது என்று பார். பட்டன் தைத்துத் தைத்து வந்த உன் கண் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? சுடுதண்ணீரே குடி. அப்பாவின் சளி வெள்ளையாகத்தான் வருகிறது. என் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

பேசினேன். அப்பாவுக்குச் சாப்பாடு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு அறுக்கற பட்டறையில ரெண்டு பேருக்கு ஒரு முகமூடிதான் குடுத்தான் முதலாளி. மத்தவனுங்க எல்லாம் அடிச்சுக்கிட்டானுங்க. நானும் அவனும் பாதி நேரம் நான், பாதி நேரம் அவன்னு போட்டுக்கிட்டோம். தூசியைப் பாதி பாதி தின்னோம். நோயும் பாதி பாதியா வந்துச்சு. மருந்தை மட்டும் எனக்குன்னு எப்படிம்மா முழுங்கறது?"

"அக்கா சொன்னா, பாதி மருந்துக்குப் பாதி பலன்தானாம்."

"பலன் இருக்கான்னு பாக்கத்தான் குடுக்கறாங்க. அவங்களுக்கே தெரியாதது உங்க அக்காவுக்கு மட்டும் தெரிஞ்சிடுச்சா? ஊறுகாயா இது, தொட்டு ருசி பாத்துச் சொல்ல?"

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.

இன்னொன்று எழுத வேண்டும். மாமாவின் முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் பெரிதாகக் கன்றிப்போயிருக்கிறது. கேட்டதற்கு பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றார். மூன்றாம் நாள் மற்ற கையிலும் வந்துவிட்டது. ஒரு பஸ்ஸில் எத்தனை கம்பிதான் அவர் மேல் இடிக்கும்? பல் விளக்கினால் ரத்தம் வருகிறது என்று அவரே ஒரு நாள் அப்பாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறார் அல்லவா? அது பல வருஷமாகச் சாப்பிடுவதுதான். முன்பு இப்படி ஆனதில்லை.

அந்தப் பட்டைப் பொடி ரத்தத்தை ஏதாவது செய்யுமா, அக்கா? நீ அங்கேயே வேலை செய்கிறாய், கேட்டுச் சொல்.

உன் தங்கை


மே 9

என் செல்லக்குட்டிக்கு,

நானும் சுகம், என் அறைத்தோழியும் சுகம், எங்கள் குழாயில் மட்டும் தண்ணீர் வருவதில்லை. குளிக்க வரிசையில் நிற்பதிலேயே பாதி ஆயுள் போகிறது. சூப்பர்வைசருக்கு விசில் என்று பேர் வைத்திருக்கிறோம், பேசும்போது முன்பல் சந்தில் காற்று வரும். புதிதாகப் பட்டை மூட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஊறவைக்கும் தொட்டி எல்லாவற்றையும் நான்தான் கழுவினேன். முதுகு நிமிரவில்லை.

உனக்கு ஒரு சுடிதார் துணி எடுத்து வைத்திருக்கிறேன், நீலம். நீயே தைத்துக்கொள், கை மட்டும் நீளமாக வை.

அப்பா நடப்பதைக் கேட்க ரொம்ப சந்தோஷம். அடுத்த எக்ஸ்ரே எப்போது? அதில் கட்டி சுருங்கியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மாமாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று நாசூக்காகச் சொல். அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று டாக்டர் சொன்னார் என்று சொன்னால் புரிந்துகொள்வார். அப்பா முழு கேப்ஸ்யூலைச் சாப்பிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

உடம்பைக் கவனி. சட்டைகளை அதிகமாக வாங்கிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


மே 18

அக்கா,

நாங்கள் சுகம். நீ சுகம் என்று எழுதியிருந்தாய்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். குழாயைப் பற்றி எழுதியிருக்கிறாய், விசிலின் பல்லைப் பற்றி எழுதியிருக்கிறாய், சுடிதாரின் கையைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அது மட்டும் இல்லை. தெரியாது என்றுகூட எழுதவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுகிறவள்தான் நீ.

பட்டன் தைத்துக்கொண்டே யோசித்தேன். அப்பாவின் குப்பியில் இருப்பது வெறும் மாவும் சாயமுமாக இருந்தால் அது யாரையும் ஒன்றும் செய்யாது. மாமாவை ஏதோ செய்கிறது. அப்படியானால் அது மாவு இல்லை. அப்பாவுக்குக் கிடைத்திருப்பது நிஜ மருந்துதான். மாமாவின் கையைப் பற்றி நான் எழுதியதைப் படித்த அன்றைக்கே உனக்கு இது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் அவரை வீட்டுக்கு வராமல் செய்யச் சொல்கிறாய்.

முதலில் மாமாவைச் சந்தேகப்பட்டேன், பிறகு அப்பாவை, இப்போது உன்னை. எனக்கு இது பிடிக்கவில்லை. நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதிவிடு.

நேற்று மாமாவின் கைக்குட்டையில் ரத்தம் இருந்தது. மூக்கிலிருந்து வந்தது என்றார். டாக்டரிடம் காட்டச் சொன்னதற்கு, "காட்டினா என்ன சாப்பிட்டன்னு கேப்பான். நான் என்ன சொல்ல, உங்கப்பன் பேரையா சொல்ல?" என்றார்.

தங்கை


ஜூன் 11

சின்னக்குட்டிக்கு,

சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? எல்லோரும் என்றால் மாமாவையும் சேர்த்துத்தான்.

நீ நினைத்தது தப்பு இல்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் இத்தனை நாள்.

அந்தப் பட்டைச் சத்து ரத்தத்தை உறையவிடாது. தனியாகச் சாப்பிட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாமா சாப்பிடும் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் எங்காவது ரத்தம் கசிய ஆரம்பித்து நிற்காமல் போய்விடும். தலைக்குள்கூட அப்படி ஆகலாம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று எங்கள் கிடங்குச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் தொட்டி கழுவப் போகிறேன்.

மாமாவின் கை கன்றியதைப் பற்றி நீ எழுதியதைப் படித்த அன்று எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாவுக்கு நிஜ மருந்து என்று. மாமாவின் ஞாபகம் அதற்கப்புறம்தான் வந்தது. அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அம்மா போன வீட்டில் அப்பாவும் இல்லாமல் நீ தனியாகப் பட்டன் தைத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். மாமாவை வராமல் செய்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூக்கில் ரத்தம் வந்திருக்கிறது என்றால் பொடியை நிறுத்தினால் மட்டும் போதாது. டாக்டர் பார்க்க வேண்டும். என்ன சாப்பிட்டார் என்று தெரிந்து பார்க்க வேண்டும். சொன்னால் அப்பாவின் பேர் போய்விடும், அது நிச்சயம்.

என்ன செய்யச் சொல்லி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, குட்டி.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நீ சுகமாக இரு, சரியாகச் சாப்பிடு, என் மேல் கோபப்படாதே. எனக்கு உன் மேல் கோபம் இல்லை.

உன் கடிதம் வந்தபோது மாமா நம் வீட்டில்தான் இருந்தார். காலையில் சவரம் செய்தபோது கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல் விழுந்ததாம். மதியம் ஆகியும் அதில் வைத்த பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. நான் கடிதத்தை எடுத்து, ரத்தத்தைப் பற்றி நீ எழுதியிருந்ததை மட்டும் சத்தமாகப் படித்தேன். இரண்டு பேரும் கேட்டார்கள். நான் படித்து அவர்கள் கேட்பது அதுதான் முதல் தடவை.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "உன்னை நானே கொன்னுருப்பேனேடா" என்றார்.

"அட விடுங்கண்ணே, இன்னியோட நிறுத்திட்டாப் போச்சு. மஞ்சப் பொடி இல்லாம நான் இத்தனை வருஷம் இருக்கலையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுடா."

"போக மாட்டேன். போனா நோண்டுவான். உங்களுக்குக் கட்டி நின்னிருக்கு, அதைக் கெடுத்துட்டு நான் எந்த மூஞ்சியோட இங்க வந்து டீ குடிக்கறது?"

கொஞ்ச நேரம் அப்படியே சண்டை போட்டார்கள். மாமாதான் ஜெயித்தார், அவர் பேச்சுக்கு யார் ஈடு? அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, "மாமா, எனக்கு ஆஸ்பத்திரியில ஒண்ணு கேக்கணும். ஜன்னல்ல எனக்குப் பேச வராது. துணைக்கு வாங்க" என்றேன்.

"அதுக்கென்ன, வா" என்று உடனே எழுந்தார். பஞ்சை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, என் நூல் பெட்டியைத் திறந்து, குப்பியை எடுத்து அவர் கையாலேயே என் பைக்குள் வைத்தார்.

பஸ்ஸில் மாமா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். நான் ஒரு கையால் பையையும் ஒரு கையால் அவர் சட்டை நுனியையும் பிடித்திருந்தேன். ஆய்வு நர்ஸ் ஜன்னலுக்கு உள்ளே இருந்தார். மாமா எப்போதும்போல் எனக்கு முன்னால் போய், "சிஸ்டர், எங்க வாயாடி ஏதோ கேக்கணுமாம்" என்றார்.

"நீங்க போய் உக்காருங்க மாமா" என்றேன்.

திகைத்து என்னைப் பார்த்தார். பையிலிருந்து குப்பி வெளியே வந்ததையும் பார்த்தார். "ஏய், வேண்டாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். நான் அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் குப்பியை ஜன்னல் பலகையில் வைத்தேன்.

"என்னம்மா, அப்பாவுக்கு என்ன?" என்றார் நர்ஸ்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. இவரும் இதைச் சாப்பிட்டிருக்கார். இவருக்கு ரத்தம் நிக்கல" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸுக்கு அது கேட்கவில்லை. காதில் கையை வைத்துக் காட்டினார்.

இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னேன்.

உன் தங்கை